ஒரு பெயருக்கு மட்டும் தடித்த எழுத்து

"முடியாதா, மாட்டாயா?" என்று அந்த அக்கா கேட்டார். "முடியும் அக்கா, ஆனால் மாட்டேன்" என்றேன். அந்தப் பதில் இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

கோவில் இணையத்தளத்தில் திருப்பணிக்கு உதவியவர்களின் பட்டியல். எல்லாப் பெயர்களுக்கும் பொதுவாக ஒரு கிளாஸ், அதாவது ஒரே தோற்றம் பெறவேண்டியவற்றுக்கு இடும் அடையாளப் பெயர். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் அதற்கு ஒரு விதி: 16 பிக்சல், கருஞ்சிவப்பு, எழுத்தின் எடை 400, அதாவது சாதாரணத் தடிமன். அக்கா தம் அப்பாவின் பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். கோவில் தகரக் கொட்டகையாக இருந்த காலத்தில், வேலை முடிந்து வந்து மண் சுமந்தவர். பக்கத்தின் நிரலில் அந்தப் பெயரைச் சுற்றியிருக்கும் குறியான டேக்கிலேயே ஸ்டைல் எழுதி எடையை 700 ஆக்கினால் போதும், எழுத்து தடித்துவிடும். கிளாஸ் என்ன சொன்னாலும் அதுவே செல்லும். ஒரு வரி வேலை. ஆனால் ஒருவருக்குச் செய்தால் நாளை நாலு பேர் வந்து நிற்பார்கள். பின்னால் மாற்ற வருபவர் பெயர் பெயராகத் தேட வேண்டியிருக்கும். தொழில் தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள்.

அக்கா திரையின் மேற்பகுதியைச் சுட்டினார். ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்தவர்களுக்குப் 'புரவலர்' என்று இரண்டாவது கிளாஸ், எடை 700. நிர்வாகம் கேட்டது, நான் எழுதினேன். சமமான இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வருவதுதான் வெல்லும் என்பதால், அதைக் கீழே வைத்திருந்தேன்.

"இவர்களுக்கு மட்டும் எப்படித் தம்பி?"

அது தனி ஆளுக்கு அல்ல, ஒரு பிரிவுக்கு என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான்.

"அப்படியென்றால் மண் சுமந்தவர்களுக்கும் ஒரு பிரிவு வையேன்."

யார் யார் சுமந்தார்கள் என்பதற்குக் கணக்கு எங்கே என்று கேட்டேன். வெள்ளிக்கு ரசீது இருக்கிறது, மண்ணுக்கு இல்லை. அக்கா பேசாமல் எழுந்து போய்விட்டார்.

1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத்தான் தோட்டம் வாங்கினார்கள். அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் வெள்ளியில் கோடு கிழிப்பதா என்று ஒருநாள் கொதிக்கிறது. அந்த ஆயிரங்கள் வராமல் கோபுரம் எழுந்திருக்குமா என்று மறுநாள் தோன்றுகிறது.

மூன்றாவது கிளாஸ் எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். அதில் யாரைச் சேர்ப்பது என்பதை நான் முடிவு செய்யக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நிர்வாகத்திடம் சொன்னேன், பெரியவர்களை விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விசாரிக்க மிஞ்சியிருக்கும் பெரியவர்கள் அக்காவின் வயதுக்காரர்கள். மண் சுமந்த காலத்தில் அவர்களும் குழந்தைகள்.