உப்புக்காற்றும் எடை குறைந்த ஹைப்ரிட் காரும்

காரின் எடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருள் 6 முதல் 8 சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுக் கணக்கு. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. அதனால் எல்லோரும் முதலில் அலுமினியத்தைத்தான் தேடுகிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டிக்கு வம்பே அங்குதான். அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட் முடுக்கி, இடையில் உப்பு ஈரம் தங்கினால் மின்வேதி அரிப்பு (இரு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் பாய்ந்து ஒன்று கரைவது) தொடங்கும். கரைவது போல்ட் அல்ல, அலுமினியம். துருப்பிடிக்காத எஃகு போட்டால் தீரும் என்பார்கள். தீராது. துத்தநாகப் பூச்சு போல்ட், நைலான் வாஷர், மூட்டில் ஈரம் புகாமல் அடைக்கும் சீலன்ட் மூன்றும் வேண்டும்.

ஹைப்ரிட் கார் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. ராமநாதபுரம் ஊருக்குள் நின்று நின்று போகும்போது, பிரேக் பிடிக்கையில் மின்சாரம் பேட்டரிக்கு நன்றாகத் திரும்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே வேகத்தில் போனால் அது சொற்பம். அங்கே பெட்ரோலைக் குடிப்பது காற்றுத் தடை. கூரை கேரியரைக் கழற்றிவிடுங்கள்.