டூட்டூ பிறந்த தெரு

பாரிஸ் போய் வந்தவர்கள் யாரும் ல பெலெத்தியே தெருவின் படத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஒன்பதாவது வட்டாரத்தில் அலுவலகங்களும், மதியத்துக்கு வரிசை நிற்கும் சாண்ட்விச் கடைகளும் உள்ள சாதாரணத் தெரு. பாலே ஆடுபவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் டூட்டூ என்ற அந்த நெட் பாவாடையின் கதையை நடந்தே பார்த்துவிடுவது என்று கிளம்பிய நான் முதலில் போய் நின்றது இங்கேதான்.

1821 முதல் 1873 வரை பாரிஸ் ஒபேராவின் அரங்கம் இந்தத் தெருவில் இருந்தது. 1832 மார்ச் 12 அன்று, காற்றில் மிதக்கும் தேவதை ஒன்றின் கதையான ‘லா சில்ஃபீட்’ பாலே இங்கே அரங்கேறியது. ஆடியவர் மரீ தக்லியோனி. நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. உடையை வடிவமைத்தவர் எழேன் லாமி. தோள் தெரியும் இறுக்கமான மேல்சட்டை, கெண்டைக்கால் வரை மணி போல் விரியும் வெள்ளைப் பாவாடை, முதுகில் சின்ன இறக்கை. டூட்டூவின் வம்சம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1873-இல் தீ அரங்கத்தைத் தின்றுவிட்டது. இன்று தெருவின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

தக்லியோனி திடீரென்று தோன்றிவிடவில்லை. அவருக்கு நூறு வருடம் முன்பே மரீ காமார்கோ என்ற ஆட்டக்காரி, தன் கால்வேலை ரசிகர்களுக்குத் தெரியட்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி ஊர் வாயில் விழுந்திருந்தார். 1822-இல் ஒபேராவுக்கு எரிவாயு விளக்கு வந்தது. எண்ணெய் விளக்கைப் போல் இல்லாமல் இதைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். மேடையில் நிலா வெளிச்சம் காட்டலாம். அந்த வெளிச்சத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்தது வெள்ளை. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809-இல் நெட் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதுவரை கையால் பின்னிய துணி அதன்பின் கஜக்கணக்கில் ஓடத் தொடங்கியது. விளக்கும் இயந்திரமும் சேர்ந்து பெற்ற பிள்ளை டூட்டூ என்பது என் கணக்கு.

இங்கிருந்து சில நிமிட நடையில், மோன்மார்த்ர் பூல்வாரில் வாரியெத்தே நாடக அரங்கம் இருக்கிறது. 1807-இல் கட்டியது, இன்றும் நாடகம் நடக்கிறது. 1838 ஆகஸ்டில் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து வந்த தேவதாசிகள் ஐந்து பேரும் இசைக் கலைஞர்கள் மூன்று பேரும் இந்த மேடையில் ஆடிப் பாடினார்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, மறைக்க மாட்டேன். பாரிஸ்காரர்கள் அதற்கு முன்பே தேவதாசியைப் ‘பார்த்து’ முடித்திருந்தார்கள். 1830-இல் ஒபேரா மேடையில் தேவதாசி வேடம் கட்டியவர் சாட்சாத் தக்லியோனி. நிஜ தேவதாசிகளோ பாதம் முழுக்கத் தரையில் தட்டி, அரைமண்டியில் ஆடுகிறவர்கள். நுனிவிரலில் நின்று காற்றில் மிதக்கப் பார்க்கும் பாலேவுக்கு நேர் எதிர்.

அந்தக் குழுவில் அம்மணி என்ற பெயர்கொண்ட ஆட்டக்காரியைப் பற்றி எழுத்தாளர் தெயோஃபீல் கோத்தியே உருகி எழுதினார். மூன்று வருடம் கழித்து ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர் அவர்தான். தக்லியோனியைச் சில்ஃபீடாகச் சிற்பம் செய்த ழான் ஒகுஸ்த் பார், அம்மணிக்கும் சின்ன வெண்கலச் சிலை செய்தார். இவ்வளவு வியந்தார்கள், சரி. உடையில் எதையாவது எடுத்துக்கொண்டார்களா? 1877-இல் நடன அமைப்பாளர் பெத்திபா ரஷ்யாவில் அமைத்த ‘லா பயதேர்’ (தேவதாசி என்று பொருள்) பாலே இன்றும் பாரிஸில் ஆடப்படுகிறது. அதில் கோயில் நாட்டியக்காரியின் ஆவியும் அவள் கூட்டமும் வரிசையாக இறங்கி வருவது வெள்ளை டூட்டூவில்தான். அழகான காட்சி என்பதில் சந்தேகமில்லை. எரிச்சலும் வருகிறது.

அங்கிருந்து திரும்பி பலே கார்னியே. ஒபேராவுக்காக 1875-இல் திறந்த மாளிகை. படிக்கட்டும் ஷகால் வரைந்த கூரையும் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று. எனக்கு வேலை, அதே டிக்கெட்டில் போகக்கூடிய நூலக அருங்காட்சியகத்தில். நான் தேடியது எம்மா லிவ்ரியை.

ஓய்வுக்குப் பிறகு பாரிஸ் திரும்பிய தக்லியோனியின் செல்ல மாணவி எம்மா. 1860-இல் குருவே மாணவிக்காக ‘வண்ணத்துப்பூச்சி’ என்ற பாலேயை அமைத்தார், இசை ஆஃபன்பாக். கதையில் வண்ணத்துப்பூச்சியான நாயகி தீப்பந்தத்தில் போய் விழ, இறக்கை கருகும். அந்தக் காலத்தில் நெட் பாவாடையும் எரிவாயுச் சுடரும் அடுத்தடுத்து இருந்ததில் பல பெண்கள் எரிந்து போயிருந்தார்கள். லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் 1844-இல் அப்படித்தான் இறந்தார். 1859-இல் பிரெஞ்சு அரசு ஆணையே போட்டது: மேடைத் துணிகளைப் படிகாரமும் போராக்ஸும் கலந்த கரைசலில் தோய்த்துத் தீப்பிடிக்காமல் செய்ய வேண்டும். தோய்த்தால் துணி விறைத்து மங்கலாகும். எம்மா, தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடைக்குப் போகக் காத்திருந்தவர், உட்காரும்போது பாவாடை நசுங்காமல் இருக்கத் தூக்கி உதறினார். பக்கத்து விளக்கின் சுடர் பற்றிக்கொண்டது. எரிந்தபடி மேடையில் ஓடியவரைத் தீயணைப்பு ஆள் ஒருவர் போர்வையில் பிடித்து அணைத்தார். எட்டு மாதம் கிடந்து, 1863 ஜூலை 26 அன்று இறந்தார். வயது இருபது. எரிந்து மிஞ்சிய துணித் துண்டுகள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. நான் போன அன்று காட்சியில் வைக்கவில்லை. அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது.

அவர் கல்லறை மோன்மார்த்ர் இடுகாட்டில். மேலே பாலத்தில் பஸ் ஓட, கீழே பள்ளத்தில் கல்லறைகள். அங்கேயே தக்லியோனி பெயர் உள்ள ஒரு கல்லில் பழைய பாயிண்ட் ஷூக்கள் குவிந்திருந்தன. சாட்டின் வெளுத்து, மழையில் ஊறி, முனையில் பசை கரைந்து அட்டை பிதுங்கியிருந்தது. உலகெங்குமிருந்து வரும் ஆட்டக்காரர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அது மரீ தன் அம்மாவுக்கு எழுப்பியது. மரீ இருப்பது பெர் லஷேஸ் இடுகாட்டில். அம்மா வாங்கிக்கொள்ளட்டும், என்ன இப்போது!

ஓர்சே அருங்காட்சியகத்தில் ஓவியர் தெகாவின் சிலை, பதினான்கு வயதுச் சிறுமி. மரீ வான் கோதம் என்ற ஒபேரா மாணவியை வைத்து மெழுகில் செய்து, நிஜத் துணிப் பாவாடை கட்டி, 1881-இல் காட்சிக்கு வைத்தார். முகம் அவலட்சணம் என்று விமர்சகர்கள் கரித்துக் கொட்டினார்கள். இங்கே இருப்பது தெகா இறந்தபின் வார்த்த வெண்கலப் பிரதிகளில் ஒன்று. உடம்பெல்லாம் உலோகம், பாவாடையும் ரிப்பனும் மட்டும் துணி. முழங்காலைத் தொடாத, அழுக்குப் பழுப்பு நெட். இதே சிறுமி உலகின் வேறு அருங்காட்சியகங்களில் வேறு நீளப் பாவாடையில் நிற்கிறாள்.

பாவாடை அதற்குப் பிறகும் ஏறியது. மிலானில் பயின்ற பியெரினா லெனியானி போன்றவர்கள் ரஷ்யா போய், நின்ற இடத்தில் 32 சுழற்சி சுழன்றபோது, கால் இடுப்பிலிருந்து தெரிந்தால்தான் வித்தை புரியும். கெண்டைக்கால் மணி மேலேறி, கடைசியில் இடுப்பில் கிடையாக நிற்கும் தட்டாயிற்று.

அந்தத் தட்டு எப்படி நிற்கிறது? இதைப் பக்கத்தில் பார்க்க முலேன் என்ற ஊருக்குப் போனேன். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளெர்மோன் ஃபெரான் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். பழைய குதிரைப்படைக் குடியிருப்பில் 2006-இல் திறந்த தேசிய மேடை உடை மையம். சுமார் 10,000 உடைகள் சேகரிப்பில் உண்டு, பாலே ஆட்டக்காரர் நுரேயெவின் பொருள்களுக்குத் தனிக் கூடம். துணி கெடாமலிருக்க விளக்கு மங்கல். கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்புறம் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட், ஒரு ஜட்டியின் மேல் வரிசை வரிசையாகத் தைத்தது. மேலடுக்கு அகலம், காலுக்குப் பக்கத்து அடுக்கு ஒரு சாண்கூட இருக்காது. நடு அடுக்கொன்றில் எஃகுக் கம்பி வளையம். அடுக்குகள் விலகாமல் அங்கங்கே தளர்வாக ஒரு நூல் பிடிப்பு. மேல்சட்டை முதுகில் ஊக்கு ஒரு வரிசை, அதற்கான நூல் வளையம் இரண்டு மூன்று வரிசை. ஒரே டூட்டூ கை மாறிக் கை மாறிப் பலர் உடம்புக்குப் போகும். துவைப்பது அபூர்வம். பல உடைக் கிடங்குகளில் வோட்கா தெளித்து வாடையைப் போக்கித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். கம்பி வைத்த தட்டுகள் கூட்ட நடனத்தில் இடித்துக்கொள்ளும். அதனால் 1950-இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பலான்ஷீனுக்காக உடை தைப்பவரான கரின்ஸ்கா கம்பியே இல்லாமல் தொய்ந்து விழும் டூட்டூ தைத்தார்.

இனி ஃபேஷன். அது எடுத்துக்கொண்டது தட்டை இல்லை, தக்லியோனியின் மணியை. 1947 பிப்ரவரியில் மோன்தேஞ் அவென்யூவில் உடை வடிவமைப்பாளர் தியோர் காட்டிய குறுகிய இடையும் விரிந்த பாவாடையும் உள்ளே நெட் வைத்துத்தான் நின்றன. அதே வருடம் ஆட்டக்காரர் ரோலான் பெத்தியின் பாலேவுக்கு உடை வடிவமைத்ததும் தியோர். மகன் பெத்தியின் காலுக்காக ரோஸ் ரெப்பெத்தோ ஷூ தைக்கத் தொடங்கியதும் 1947-தான். ரெப்பெத்தோ கடை இன்று கார்னியேவுக்குப் பக்கத்தில், ரூ த லா பே தெருவில். விலைச்சீட்டைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தேன். 2005 கோடைக்காக ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டுக்குக் கீழே டூட்டூ மாட்டினார். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தொடக்கக் காட்சியில் நாயகி போட்ட, 5 டாலர் கூடையில் பொறுக்கிய பாவாடையை உலகமே நகலெடுத்தது. எனக்குக் கவாகுபோதான் பிடிக்கும். டூட்டூவுக்குள் இருக்கும் முரட்டுத்தனத்தைக் கண்டுகொண்டவர் அவர். மற்றவர்கள் மென்மையோடு நின்றுவிட்டார்கள். நம்மூர்ப் பிறந்தநாள் ஃபிராக்கில் கேன்கேன் குத்துகிறது என்று அழும் குழந்தைக்கு அந்த முரட்டுத்தனம் நன்றாகவே தெரியும்.

போகிறவர்களுக்கு: ஓர்சே திங்கள்கிழமை விடுமுறை. கார்னியேவில் ஒத்திகை இருந்தால் அரங்கத்துக்குள் விடமாட்டார்கள், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முலேன் மையம் ஒரு கண்காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூடிவிடும், தேதி பார்த்துப் போங்கள்; திரும்பும் ரயில்கள் இடைவெளி விட்டுத்தான் வரும். ல பெலெத்தியே தெருவுக்கு மெட்ரோ 7-ஆம் தடம், நேரக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.