கைக்குப் பழகும் புள்ளி

ஜூன் 7, சனி
கொழும்பு நண்பன் வெளிநாடு போகிறான். அவன் வளர்த்த சிறுத்தைப் பல்லி என் மடியில் ஒரு பெட்டிக்குள் பஸ்ஸில் திருகோணமலை வந்து சேர்ந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். பெயர் வைக்க யோசிக்கவே இல்லை: புள்ளி. அம்மம்மா எட்டிப் பார்த்தார். "சுவரில இருக்கிறது காணாதெண்டோ இதையும் கொண்டு வந்தனி?"

ஜூன் 8, ஞாயிறு
அம்மம்மாவுக்கு விளக்கினேன். சுவர்ப் பல்லிக்குக் கண் இமை இல்லை, இதற்கு உண்டு. அதன் விரல்கள் ஒட்டும், இதற்கு ஒட்டாது, ஆகவே கண்ணாடியில் ஏறவே முடியாது. இமை அவரை அசைக்கவில்லை. தலையில் விழாது, பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கத் தேவையில்லை என்றதும்தான் முகம் தெளிந்தது.

மீன்தொட்டியில் ஒரு பக்கம் 32 பாகை, மறுபக்கம் அதைவிடக் குளிர்மை. கன்னியா வெந்நீர் ஊற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும் ஏழு கிணறுகளிலும் மாறி மாறிக் கை வைத்துப் பார்ப்போமே, அப்படித்தான் இதுவும் தனக்குத் தோதான சூட்டைத் தேடிப் போகும். குளிர் நாட்டில் வளர்ப்பவர்கள் சூட்டுக்கு அலைகிறார்கள். எனக்கோ வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் இந்த மாதத்தில் குளிர்ப் பக்கத்தைக் குளிராக வைப்பதுதான் வேலை. தொட்டியைச் சீமெந்துத் தரையில் இறக்கிவிட்டு, அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஐஸ் போத்தல் வைத்தேன்.

ஜூன் 11, புதன்
அவசரப்பட்டுவிட்டேன். குறைந்தது ஒரு வாரமாவது தொடாதே என்று நண்பன் சொல்லியிருந்தான். நாலாம் நாளே மேலிருந்து கையை இறக்கினேன். வாலைத் தூக்கி மெல்ல ஆட்டியது. அது எச்சரிக்கை என்று எனக்கு உறைக்கவில்லை. இன்னும் கிட்டப் போனதும் வாயைத் திறந்து கத்தியது. இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு சத்தமா!

யோசித்தால் பிழை என்னுடையதுதான். மேலிருந்து வருவது பல்லிக்குப் பருந்து. நல்லவேளை வாலைக் கழற்றவில்லை. கொழுப்பை அந்தத் தடித்த வாலில்தான் சேமித்து வைக்கிறது. கழன்றால் திரும்ப முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது.

ஜூன் 16, திங்கள்
நான் உடுத்த பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து உள்ளே போட்டேன், வாசனை பழகட்டும் என்று. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் புள்ளி வெளியே வரும். அப்போது உள்ளங்கையை மேலே பார்க்கத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறேன். கை மரத்துப் போகிறது. நுளம்பு வேறு.

ஜூன் 20, வெள்ளி
விரலை நக்கியது! பாசம் ஒன்றுமில்லை, நாக்கால் மோப்பம் பிடிப்பது இவற்றின் வழக்கம். ஆனாலும் சந்தோஷம். புழுவை இடுக்கியால்தான் கொடுக்கிறேன். விரலால் கொடுத்தால் விரலே சாப்பாடு என்று நினைத்துவிடும். புழு வளர்வது என் கட்டிலுக்குக் கீழே, தவிட்டு டப்பாவில். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 25, புதன்
காலையில் சாம்பல் பூசியது போல் வெளிறிக் கிடந்தது. வருத்தமோ என்று பதறிப்போய் நண்பனுக்குப் போன் அடித்தேன். "தோல் உரிக்கப் போகுது, தொடாதே" என்றான். தென்னந்தும்பை நனைத்து அதன் மறைவிடத்தில் வைத்தேன். இரவுக்குள் உரித்துவிட்டு, உரித்த தோலைத் தானே தின்றும் முடித்தது. விரல் நுனிகளில் தோல் மிச்சம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தால் விரலை இறுக்கிவிடும். இல்லை.

ஜூலை 2, புதன்
ஒரு முன்னங்கால் உள்ளங்கையில். அப்புறம் இரண்டு. பிறகு யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. சரி, போகட்டும்.

ஜூலை 5, சனி
தானாகவே ஏறியது. வயிற்றுக்குக் கீழே மற்றக் கையையும் கொடுத்து, குதித்தாலும் அடிபடாமல் இருக்கத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடந்தது. நாலு நிமிடம் இருக்கும். பிறகு சாரத்தில் எச்சம் போட்டுவிட்டு முழங்காலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது.

இறக்கி விட்டுவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பல்லியைத் தொட்டால் அது கட்டாயம், வயிற்றோட்டம் தரும் கிருமி இருக்கலாம். திரும்பி வந்தால் அம்மம்மா மூக்குக் கண்ணாடியோடு பஞ்சாங்கம் புரட்டிக்கொண்டிருக்கிறார். எச்சத்துக்குப் பலன் எழுதியிருக்கிறதோ என்று பார்க்கிறாராம்.