புகைக்கொடி தேடும் இரவுகள்

பிப்ரவரி 12, 2025

இன்று பௌர்ணமி. வானம் முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. தொலைநோக்கியை வெளியே எடுக்கவில்லை. வானாய்வகத்துக்குப் போக 22-ஆம் தேதி அனுமதி கிடைத்திருக்கிறது. நாங்கள் ஏழு பேர். அன்று தேய்பிறை நிலவு நள்ளிரவு கடந்துதான் எழும். முன்னிரவு முழுவதும் நல்ல இருட்டு.

பிப்ரவரி 22

மலையேறி முடித்தபோது சூரியன் மறைந்துகொண்டிருந்தது. குவிமாடத்துக்குள் ஒரு மீட்டர் ஆடி பொருத்திய தொலைநோக்கி. அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். மாடம் சுழலும்போது தரையே நகர்வதுபோல் இருந்தது. ஆனால் அங்கிருந்த பணியாளர் சொன்ன ஒரு செய்தி என்னை நிறுத்தியது: அந்தப் பெரிய கருவி ஒரே நேரத்தில் பார்க்கும் வானத்தில் முழுநிலவின் பாதிகூட அடங்காது. தெரிந்த பொருளை ஆழமாகப் பார்க்க அது வேண்டும். தெரியாத ஒன்றைத் தேட அது உதவாது.

தேடுபவர் வெளியே இருந்தார்.

மாடத்துக்குப் பின்னால், மேற்கே தடையில்லாத திறந்தவெளியில், முக்காலியில் அமர்ந்திருந்தார் அந்த அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எதிரில் 15 செ.மீ. விட்டமுள்ள, குட்டையான, அகன்ற பார்வைப்புலம் கொண்ட தொலைநோக்கி. நான் கையில் வைத்திருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், "அணைத்துவிடுங்கள் தம்பி. கண் இருட்டுக்குப் பழக அரைமணி ஆகும், கெட ஒரு நொடி போதும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

முப்பத்தொரு ஆண்டுகளாக வால்மீன் தேடுகிறார். ஏன் அந்தி வானத்தில்? சூரியனை நெருங்கும்போதுதான் வால்மீனின் பனி ஆவியாகி அது பிரகாசமாகிறது. ஆகவே மாலையில் மேற்கு, விடியலுக்கு முன் கிழக்கு. பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாட்களில் மாலை வானம் மீண்டும் இருளத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளியை அவர் தவறவிடுவதே இல்லை. நிலவொளியில் பல நாட்கள் யாரும் சரியாகப் பார்க்காத பகுதி அல்லவா?

தேடும் முறையைக் காட்டினார். அடிவானத்தை ஒட்டி இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துகிறார். பிறகு பார்வைப்புலத்தில் பாதியளவு உயர்த்தி, வலமிருந்து இடமாகத் திரும்புகிறார். உழவர் சால் ஓட்டுவது போலவே, ஒன்றின் விளிம்பை மற்றொன்று தொட்டுக்கொண்டு போகிறது. முதலில் மறையப்போவது தாழ்வானம் என்பதால் அங்கிருந்து தொடக்கம். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை.

"வாலைத் தேடாதீர்கள்" என்றார். புதிதாக வரும் வால்மீனுக்குப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வால் இருக்காது. உருண்டையாக, ஓரம் கரைந்த ஒரு புகை, அவ்வளவுதான். பழந்தமிழில் வால்மீனுக்குப் புகைக்கொடி என்று ஒரு பெயர் உண்டு. வாலை எண்ணிச் சொன்னது என்றே இதுவரை நினைத்திருந்தேன். இன்றிரவுக்குப் பின் அதன் முதற்பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ரிஷபத்தின் கொம்பருகே கருவியைத் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னார். மங்கலான புகைத்திட்டு. 1758-இல் ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே இதைக் கண்டு குழம்பினார், இது நகரவில்லை. இப்படி ஏமாற்றும் புகைகளை விலக்குவதற்காகவே அவர் பட்டியல் போட்டார், இதுவே அதில் முதல் எண். "வால்மீன் தேடுவதென்றால், வால்மீன் அல்லாதவற்றை மனப்பாடம் செய்வது" என்றார் அம்மா. பிரகாசமான விண்மீனின் பிரதிபலிப்புகூட வில்லைக்குள் புகைபோலத் தோன்றும். குழாயை லேசாக அசைத்தால் அது விண்மீன்களோடு சேர்ந்து நகராது, பொய் வெளிப்பட்டுவிடும்.

எத்தனை வால்மீன்கள் கண்டீர்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் பெயரில் ஒன்றும் இல்லை. ஒருமுறை தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். சரிபார்த்தபோது இரண்டு நாள் முன்பே வேறொருவர் அறிவித்திருந்தார். எனக்கு நெஞ்சு கனத்தது. "அது அங்கே இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை தம்பி, நானே பார்த்தேன்" என்றார், முகம் மலர்ந்து.

பிப்ரவரி 23

தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக, அவர் சொன்னவற்றை எழுதி வைக்கிறேன். தேடிய நேரத்தை நிமிடக் கணக்கில் குறிப்பது வால்மீன் தேடுவோர் மரபு. டான் மக்கோல்ஸ் 1978-இல் தன் முதல் வால்மீனைக் காணும் முன் சுமார் 1,700 மணி நேரம் தேடியிருந்தார். டேவிட் லெவி 1965-இல் தொடங்கி, 917 மணி நேரத்துக்குப் பின் 1984-இல் கண்டார். வில்லியம் பிராட்ஃபீல்ட் ஒளிப்படம் இல்லாமல், தொலைநோக்கியில் கண்வைத்தே 18 வால்மீன்களைக் கண்டவர். நம்மவர் வைணு பாப்பு 1949-இல், ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, ஒளிப்படத் தகட்டில் ஒன்றைக் கண்டார்.

இப்போது பான்-ஸ்டார்ஸ், அட்லஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் இரவுதோறும் வானத்தை வழித்தெடுக்கின்றன. பிறகு மனிதருக்கு என்ன மிச்சம் என்று நேற்றே கேட்டேன். சூரியனை ஒட்டிய அந்தி வானம் மிச்சம் என்றார். 2023 ஆகஸ்டில் ஜப்பானிய ஆர்வலர் ஹிடியோ நிஷிமுரா அப்படித்தான், விடியலுக்கு முன் எடுத்த சாதாரணக் கேமராப் படங்களில் ஒன்றைப் பிடித்தார். அவர் பெயரையே அது தாங்கியிருக்கிறது.

சந்தேகமான புகை ஒன்று கிடைத்தால்: முதலில் சுற்றியுள்ள விண்மீன்களோடு அதை வரைய வேண்டும். விண்மீன் வரைபடத்தைத் திறப்பது அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் மட்டுமே அறிவிப்பைப் பற்றி நினைக்கலாம்.

பிப்ரவரி 24, 25

மேகம்.

பிப்ரவரி 27

இன்று அமாவாசை. மாலை 7.20-க்கு மேற்கில் தொடங்கினேன். வெள்ளி கண்ணைக் கூசவைத்தது. அதை விலக்கிப் போனேன். முதல் நாற்பது நிமிடங்கள் வெறும் விண்மீன்கள். சலிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒவ்வொரு சாலிலும் அடுத்த அங்குலத்தில் இருக்கலாம் என்ற நினைப்பு மூச்சைப் பிடித்துவைக்கிறது.

8 மணிக்குத் திமிங்கில விண்மீன் குழுவின் தலைக்குக் கீழே ஒரு புகை. சிறியது, நடுவில் அடர்ந்தது, அருகில் ஒரு மங்கிய விண்மீன். கை நடுங்கியது. வரைபடத்தைத் திறக்கவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் சுற்றியுள்ள விண்மீன்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, நடுவில் விரலால் கரியைத் தேய்த்தேன். பிறகு காத்திருந்தேன். இத்தனை நீளமான ஒரு மணி நேரத்தை நான் கடந்ததில்லை.

9 மணிக்குப் பார்த்தேன். புகை அதே இடத்தில், அதே விண்மீனுக்குப் பக்கத்தில். அதன் பிறகே வரைபடத்தைத் திறந்தேன். மெசியே 77, ஒரு விண்மீன்திரள். 1780-இல் இதை முதலில் கண்ட பியர் மெஷானும் வால்மீன் தேடியவர்தான்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வரைந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். வரைந்தேன் என்றேன். "திறக்காமல்?" திறக்காமல் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை நிமிடம் தேடினீர்கள், எழுதிவிட்டீர்களா?" என்றார்.

தேடிய நேரம்: 40 நிமிடங்கள்.