கீழக்கரை நடுத்தெரு ஜும்ஆ பள்ளியில் ஒரு ஜியாரத்

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள கீழக்கரைக்கு ஜியாரத்துக்காக (இறைநேசர்களின் அடக்கத்தலங்களைத் தரிசிக்க) செல்வோரின் கால்கள் இயல்பாகவே நடுத்தெரு ஜும்ஆ பள்ளிவாசலை நாடிச் செல்லும். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உற்ற நண்பரும், கப்பல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கியவருமான வள்ளல் சீதக்காதி, 17-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த பள்ளி இது.

ஒளுச் செய்து (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி) உள்ளே சென்றதும் நம்மை ஆட்கொள்பவை வரிசை வரிசையாக நிற்கும் கல்தூண்கள். வட இந்தியப் பள்ளிகளின் வளைவும் பெருங்குவிமாடமும் இந்த மண்டபத்துக்குத் தேவைப்படவில்லை. தூணின் மேல் போதிகை எனும் தாங்குகல், போதிகையின் மேல் உத்திரம், அதன் மேல் கூரை என்று பாண்டிநாட்டுச் சிற்பிகள் கோயில் மண்டபங்களில் கையாண்ட அதே முறையில்தான் இத்தொழுகைக் கூடமும் எழுந்துள்ளது. கோயில் தூண்களில் தெய்வ வடிவங்கள் இடம்பெறும் பரப்புகளில் இங்கே பூக்களும் கொடிகளும் கோலம் போன்ற பின்னல்களுமே செதுக்கப்பட்டுள்ளன. உருவம் வடிக்கலாகாது என்னும் மார்க்க நெறி அந்தச் சிற்பிகளின் கையைக் கட்டிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வோர் இதழிலும் அவர்கள் காட்டியிருக்கும் பொறுமையே ஒரு வணக்கமாகத் தெரிந்தது. அத்தூண்களுக்கு இடையே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நின்று, மேற்குச் சுவரில் தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபை நோக்கித் தக்பீர் கட்டி (‘அல்லாஹு அக்பர்’ என்று கூறி) தொழுகையைத் தொடங்கியபோது, என் முன்னோர் இம்மண்ணின் கலையையும் தம் ஈமானையும் (இறைநம்பிக்கையையும்) ஒருசேரப் பேணி வாழ்ந்ததை உள்ளம் நிறைய உணர்ந்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினேன்.

பல ஊர்களில் இடம் போதவில்லை என்று இத்தகைய பழைய கல்மண்டபங்களை இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடங்களை எழுப்பிவிட்டார்கள். ஜமாஅத் (தொழ வரும் கூட்டம்) பெருகும்போது இடம் தேவைதான். ஆயினும் பழையதைக் காத்துக்கொண்டே பக்கத்தில் விரிவாக்க வழியிருந்தும் இடித்த இடங்களை எண்ணினால் நெஞ்சு வலிக்கிறது.

தொழுகை முடிந்தபின், பள்ளியை ஒட்டி அடங்கியிருக்கும் இமாம் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவை ஜியாரத் செய்தேன். காயல்பட்டினத்தில் 1632-இல் பிறந்து 1703-இல் மறைந்த அவர், அரபு மொழியில் நபிபுகழ் பாடிய பேரறிஞர், சீதக்காதியின் ஞானகுரு. நபிகளாரின் வாழ்வைச் சொல்லும் சீறாப்புராணத்தை உமறுப் புலவர் பாடுவதற்குத் துணைநின்ற வள்ளலுக்கு மார்க்க வழிகாட்டியவர் இவரே என்பதை நினைத்தவாறு குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதி, இருவருக்காகவும் துஆச் செய்தேன் (இறைஞ்சினேன்).

தூண்களின் வேலைப்பாட்டை நின்று பார்க்க விரும்புவோர் கூட்டம் மிகுந்த வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, வேறொரு நாளில் லுஹர் (நண்பகல்) தொழுகைக்கும் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில், பள்ளிப் பொறுப்பாளர்களிடம் அனுமதி பெற்றுச் செல்வது நல்லது.