மரபணு வரிசையிலிருந்து பாதை வரைபடம் வரை

ரயிலில் ஓர் ஆய்வு மாணவி, தாம் கண்டறிந்த ஈஸ்ட் மரபணு வரிசைகளை அடுத்து என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். வரிசையை அறிவது ஒன்று, அதன் பணியை அறிவது வேறு. 1990-இல் வெளிவந்த பிளாஸ்ட் (BLAST) என்ற கணினி நிரல் ஒத்த வரிசைகளைத் தேடித் தரும். ஆயினும் ஆயிரக்கணக்கான முடிவுகளை ஒவ்வொன்றாகப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? எனவே, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995-இல் தொடங்கிய, மரபணுக்களையும் அவை பங்குபெறும் உயிர்வேதிப் பாதைகளையும் தொகுத்துத் தரும் கெக் (KEGG) தரவுத்தளத்தைச் சார்ந்த காஸ் (KAAS) என்ற இணையக் கருவியைப் பரிந்துரைத்தேன். புரத வரிசைகளை ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய உரைக்கோப்பு வடிவில் ஏற்றினால், அது ஒப்பீட்டின்வழி பொருந்தியவற்றுக்கு, அவற்றின் பணியைக் குறிக்கும் கே எண்களை வழங்கி, அவற்றை நொதிகள் பெட்டிகளாக வரையப்பட்ட வளர்சிதைமாற்ற வரைபடங்களில் பொருத்திக் காட்டும். ஹெக்ஸோகைனேஸ் நொதிக்குரிய கே00844 கிடைத்தால், குளுக்கோஸ் சிதைவுப் பாதையின் தொடக்கப் பெட்டி நிறம் பெறும்.

நிறம் பெற்ற நான்கு பெட்டிகளை நம்பி, அந்தப் பாதை முழுவதும் இயங்குகிறது என்று எழுதுவது அவசரம்; ஒரே நொதி பல பாதைகளுக்குப் பொதுவாக இருக்கக்கூடும். காஸ் கருவியில் முழு மரபணுத் தொகுதிக்கு இருதிசை ஒப்பீட்டையும் (இரு வரிசைகளும் ஒன்றுக்கொன்று சிறந்த பொருத்தமா என்று பார்ப்பது), பகுதித் தரவுக்கு ஒருதிசை ஒப்பீட்டையும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முதல் முயற்சியில் நானே அதை மாற்றித் தேர்ந்தெடுத்து இரண்டு நாட்களை வீணாக்கியிருக்கிறேன்.