போன் பக்கத்தில் ஒரு நோட்டு

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் மாமா மரச்செக்கு வைத்திருக்கிறார். தேங்காய், கடலை, எள் மூன்றும் ஆட்டுகிறார். போன மார்கழியில், "வெப்சைட்ல என்னென்ன போடலாம்னு வந்து பாத்துக் குடு மாப்ள" என்று கூப்பிட்டார். போய் லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், போன் அடித்தது. கோவையிலிருந்து ஓர் அம்மா. "ஏனுங்க, நீங்க அனுப்புன தேங்காயெண்ணெய் வெள்ளையாக் கட்டிப்போச்சுங்க, டால்டா கிது கலந்துட்டீங்களா?" மாமா பொறுமையாக விளக்கம் சொல்லி வைத்தார். அடுத்த அரை மணி நேரத்தில் அதே கேள்வியோடு இன்னொருவர். மார்கழி வந்தால் தினமும் இப்படித்தானாம்.

அந்தக் கேள்விக்கு வெப்சைட்டில் ஒரு வரி பதில் இல்லை. முன்பு செய்து கொடுத்தவர் 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று எழுதி வைத்திருந்தார். இதே வரிகளைத் தூக்கி ஒரு ஜவுளிக்கடைக்கோ மாவு மில்லுக்கோ போட்டாலும் அப்படியே பொருந்தும். எண்ணெய் வாங்க வந்த ஆளுக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே கிடையாது.

லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, பேனாவை நூலில் கட்டிப் போனுக்குப் பக்கத்தில் வைத்தோம். யார் கூப்பிட்டாலும் தேதி போட்டு, அவர்கள் கேட்டதை அவர்கள் வாயில் வந்த மாதிரியே எழுத வேண்டும், அவ்வளவுதான். கடையில் இருக்கிற தம்பி முதல் நாள் 'எண்ணெய் தரம் பற்றி விசாரணை' என்று எழுதியிருந்தான். அது வேண்டாம், 'டால்டா கலந்துட்டீங்களா' என்றே எழுது என்றேன். ஏனென்றால் கூகுளிலும் ஜனங்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், இப்போது நிறையப் பேர் டைப் பண்ணுவதே இல்லை, போனைப் பார்த்துப் பேசிவிடுகிறார்கள். தலைப்பு அவர்கள் வார்த்தையில் இருந்தால்தான் பக்கம் அவர்கள் கண்ணில் படும்.

ஒரு மாதத்தில் நோட்டில் பாதி நிறைந்தது. எழுத வேண்டிய அத்தனையும் அதிலேயே இருந்தது.

வெப்சைட்டில் முதல் பக்கம் எண்ணெய் உறைவதைப் பற்றி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் கட்ட ஆரம்பிக்கும், மார்கழி இரவில் அடுப்படி மேடையிலேயே அந்தக் குளிர் வந்துவிடுகிறது, பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும், குணம் ஒன்றும் கெடாது. இதோடு நிறுத்தாமல், உறைந்தால் மட்டும் சுத்தமான எண்ணெய் என்று நம்பிவிட வேண்டாம், பாமாயிலும் குளிரில் கட்டும் என்பதையும் சேர்த்து எழுதினோம். நமக்குச் சாதகமில்லாத உண்மையையும் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள்.

அடுத்தது லிட்டரா கிலோவா. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். 15 லிட்டர் டின்னும் 15 கிலோ டின்னும் பார்க்க ஒன்று போலத்தான், ஆனால் லிட்டர் டின்னில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் குறையும். இதைத் தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டு, நம்மிடம் கூடுதல் என்று போனவர்கள் எத்தனை பேரோ.

எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம் வந்தது ஒரே விஷயத்தில்தான். 'உங்க கடலெண்ணெய் மட்டும் ஏன் இந்த விலை' என்ற கேள்வி நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கணக்கை அப்படியே போட்டுவிடலாம் என்றேன். "தொழில் ரகசியத்த ஊருக்கே சொல்றதா?" என்றார். இதில் என்ன ரகசியம் மாமா, செக்கு ஆட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்குதானே, தெரியாமல் இருப்பது காசு கொடுத்து வாங்குகிறவர்கள் மட்டும்தான். இரண்டு நாள் கழித்துச் சரி என்றார். ஒரு லிட்டருக்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு, ஆட்டுக்கூலி, வெயிலில் வைத்துத் தெளியவிடுகிற நாட்கள், பிண்ணாக்கு விற்றுத் திரும்ப வருகிற பணம், எல்லாம் வரிசையாகப் போட்டு, மேலே அன்றைய தேதியையும் போட்டோம். பருப்பு விலை மாறினால் கணக்கையும் தேதியையும் மாற்ற வேண்டும். தேதி இல்லாத விலையைவிட விலை போடாமல் இருப்பது மேல்.

எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறீர்கள் என்பதற்கு நான் எழுதுவதைவிடப் படமே நன்றாகச் சொல்லும் என்று, வாகை மரச் செக்கில் கருப்பட்டி விழுந்து, எள்ளுமாவு கட்டிப் பிடித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வருவதை நாற்பது நொடி வீடியோவாக எடுத்துப் போட்டோம்.

எழுதக் கூடாது என்று ஒதுக்கியதும் உண்டு. சர்க்கரை குறையும், முட்டுவலி போகும் என்று போடச் சொல்லி நண்பர்கள் சிலர் மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளிலேயே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆவது?

அப்புறம் எதை எப்போது போடுவது என்பது. அதன் பிறகும் நோட்டைத் தேதியோடு தொடர்ந்து எழுதி வந்ததால் அதுவும் தெரிந்துவிட்டது. ஐப்பசியில் முறுக்குச் சுடும்போது எண்ணெய் நுரைக்கிறதே என்பார்கள், தலைதீபாவளி வீட்டுக்காரர்கள் நல்லெண்ணெய் கேட்பார்கள், கார்த்திகையில் விளக்கெரிக்க எது நல்லது என்பார்கள், மார்கழிக்கு டால்டா. கேள்வி வருவதற்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் முன்பே பக்கம் இருக்க வேண்டும், கூகுள் அதை எடுத்துக் காட்ட நாள் பிடிக்கும். வாரம் ஒரு கட்டுரை என்று கணக்குக்காக எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வருடத்துக்குப் பத்துப் பக்கம் போதும், அதைப் பழசாகாமல் பார்த்துக்கொண்டால்.

இப்போது உறைகிற கேள்வி வந்தால் மாமா இரண்டு வார்த்தை பேசிவிட்டு அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். பிண்ணாக்குப் பக்கம்தான் பாக்கி. மாட்டுக்கு எவ்வளவு வைக்கலாம், ஊறவைத்தா அப்படியேவா என்று கேட்கிறார்கள், அதெல்லாம் எனக்குத் தெரியாத வேலை. ஞாயிற்றுக்கிழமை பால் மாடு வைத்திருக்கிற நாலு பேரைச் செக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார், அவர்களிடம் கேட்டு எழுதுவதாக இருக்கிறேன், கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு.